காம்பாக்ட் டிராக்டர் லோடர்: சூடானால் தூக்கவில்லை, பக்கெட் தானாகக் கவிழ்கிறது. பம்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வெண்ணாறு:

வணக்கம். வண்டி 27 ஹெச்பி, நான்கு சக்கர இழுவை உள்ள காம்பாக்ட் டிராக்டர். லோடர் (பக்கெட்டால் அள்ளித் தூக்கும் கருவி) பிறகு தனியாக வாங்கிப் பொருத்தியது. இரண்டு லிவர் வால்வு. லோடரின் கை (பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கரம்) தூக்க இரண்டு ஜாக்கி, அதாவது ஹைட்ராலிக் சிலிண்டர்: 50 மி.மீ போர் (உள் விட்டம்), 30 மி.மீ ராடு, 400 மி.மீ ஸ்ட்ரோக் (ராடு நகரும் நீளம்). பக்கெட்டுக்கு இரண்டு ஜாக்கி: 40 மி.மீ போர், 25 மி.மீ ராடு. லோடருக்குத் தனி டேங்க் இல்லை. டிராக்டரின் பம்பும் கியர்பாக்ஸ் ஆயிலும்தான். பம்ப் முழு ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 20 லிட்டர், ரிலீஃப் (அழுத்தம் வரம்பு மீறாமல் திறந்துவிடும் வால்வு) 160 பார் அழுத்தம் என்று மேனுவல் சொல்கிறது.

எரு அள்ள, வரப்பு மண் எடுக்க, தேங்காய் மட்டை ஏற்ற லோடர் ஓடுகிறது. குறுவை, சம்பா நேரத்தில் லோடரைக் கழற்றிவிட்டு இதே வண்டியில் ரோட்டவேட்டர் போட்டுச் சேற்றுழவு.

இப்போது உள்ள கோளாறுகள்:

காலையில் நன்றாகத் தூக்குகிறது. அரை மணி நேரம் ஓடி ஆயில் சூடானதும் கை மேலே போக ஒன்பது நொடி ஆகிறது. ஆக்ஸிலேட்டரை ஏற்றினால்தான் அசைகிறது.

எரு நிறைத்துத் தூக்கி நிறுத்தினால் அரை நிமிடத்துக்குள் பக்கெட் வாய் முன்னால் கவிழ்ந்துவிடுகிறது. டிரெய்லர் பக்கம் போவதற்குள் பாதி எரு தரையில். கை மட்டும் இறங்குவதில்லை, இறங்கினாலும் மிகக் கொஞ்சம்.

பாரத்தோடு நிற்கும் கையை இன்னும் மேலே தூக்க லிவரை இழுத்தால், முதலில் ஒரு சாண் கீழே குத்திவிட்டுத்தான் மேலே போகிறது.

ஆர்பிஎம் ஏறினால் சீட்டுக்கு அடியில் ஊளைச் சத்தம். டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறது.

பம்ப் போய்விட்டது, புதுசு போடுங்கள் என்று சொல்கிறார்கள். பம்பை மாற்றினால் எல்லாம் சரியாகுமா?

———

கியர்பாக்ஸ்:

பம்ப்பை இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க எழுதினதுல நாலு கோளாறு இருக்கு, நாலுக்கும் காரணம் ஒண்ணு இல்லை. இந்த ஆயில்ல புது பம்ப் போட்டாலும் அடுத்த நடவுக்குள்ள அதுவும் தேய்ஞ்சிடும்.

முதல்ல ஆயில். நிறம் வெளுக்க ரெண்டு காரணம் உண்டு: தண்ணி, இல்லைன்னா காத்து. வண்டி சூடா இருக்கும்போதே ஒரு கண்ணாடி பாட்டில்ல கால் லிட்டர் எடுத்து ஒரு மணி நேரம் அசைக்காம வைங்க. அடியிலிருந்து தெளிஞ்சு மேலே வந்தா காத்து. அப்படியே வெளுப்பா நின்னா தண்ணி. சந்தேகம் இருந்தா ஒரு தகரத்தை அடுப்புல நல்லா சூடாக்கி ரெண்டு சொட்டு விடுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு, வெறுமனே புகைஞ்சா இல்லை. முகத்தைத் தள்ளி வச்சுக்குங்க.

சேற்றுழவு வண்டின்னா பெரும்பாலும் தண்ணிதான். வர்ற வழி: பி.டி.ஓ ஷாஃப்ட் (ரோட்டவேட்டரைச் சுத்துற தண்டு) சீல், பின் ஆக்ஸில் சீல், கியர் லிவர் ரப்பர் பூட், கியர்பாக்ஸ் பிரீதர் (காத்து போய் வர்ற துளை). இதுல பலர் கவனிக்காதது பிரீதர். வயல்லேர்ந்து ஏறின வண்டி கொதிக்குது, அப்படியே பம்ப் செட் தண்ணியை அடிச்சுக் கழுவுறாங்க. உள்ளே இருக்கிற காத்து சட்டுனு குளிர்ந்து சுருங்கும், பிரீதர் வழியாவும் தேய்ஞ்ச சீல் வழியாவும் தண்ணியை உள்ளே இழுக்கும். வண்டி ஆறின பிறகு கழுவணும், பிரீதர் மேலே நேரா தண்ணி அடிக்கக் கூடாது.

அடுத்தது அந்த ஊளை. பம்ப்புக்கு வேண்டிய ஆயில் கிடைக்கலைன்னா இந்தச் சத்தம் வரும். சக்‌ஷன் (பம்ப் ஆயிலை உறிஞ்சுற) பக்கத்துல ஒரு கம்பி ஜாலி இருக்கும், அதோட காகித ஃபில்டரும் இருக்கும். தண்ணி பட்டா காகிதம் ஊறி அடைச்சுக்கும். ஆயிலை சூடா இருக்கும்போதே முழுசா வடிங்க, ரெண்டையும் கழற்றிப் பாருங்க. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாம அறுத்து மடிப்பை விரிச்சுப் பாக்கணும். மஞ்சள் மினுமினுப்பு பம்ப் புஷ்ஷிலேர்ந்து வந்திருக்கலாம், வெள்ளை மினுமினுப்பு பம்ப் பாடி. காந்தத்துல ஒட்டுற மாவு கியர்பாக்ஸ் தேய்மானம், அது கொஞ்சம் இருக்கும். கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தா ஹோஸோட உள் லைனிங் உரியுது.

சக்‌ஷன் பைப்புல உள்ள ஓ-ரிங்கை மாத்திடுங்க. காய்ஞ்சு கல்லாப் போன ஓ-ரிங் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனா காத்தை உள்ளே இழுக்கும். சோதிக்க வழி: இன்ஜின் ஓடும்போது இணைப்பைச் சுத்தி கெட்டி கிரீஸை அப்புங்க. சத்தம் குறைஞ்சா ஓட்டை அங்கேதான்.

இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கையும் ஒரு தடவை பாருங்க. பம்ப் இன்ஜின் டைமிங் கியர்லேர்ந்து ஓடுற மாடலா இருந்து, இன்ஜின் ஆயில் மட்டம் ஏறி கியர்பாக்ஸ் மட்டம் குறைஞ்சா பம்ப் ஷாஃப்ட் சீல் போயிருக்கு. அப்படி இருந்தா வண்டியை ஓட்டவே கூடாது.

ஒரு விஷயம் கண்டிப்பா. ஹோஸ்ல ஒழுக்கு தேடும்போது கையால தடவாதீங்க. ஊசித்துளை வழியா 150 பார்ல வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் ஆரம்பத்துல இருக்காது, ஆனா உள்ளே சதை செத்துப்போகும். அட்டையைப் பிடிச்சுப் பாருங்க. யாருக்காவது பட்டுட்டா காயம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்குன்னு வாய்விட்டுச் சொல்லணும்.

———

ஸ்பூல்:

ஆயில் பற்றி மேலே சொன்னது முழுவதும் சரி. நான் பக்கெட் கவிழ்வதையும் கை குத்துவதையும் பற்றி எழுதுகிறேன். இரண்டுக்கும் பம்புக்கும் தொடர்பே இல்லை. லிவர் நடுவில் இருக்கும்போது பாரத்தைத் தாங்குவது பம்ப் அல்ல, ஜாக்கிக்கும் வால்வுக்கும் இடையில் அடைபட்ட ஆயில்.

கை இறங்கினாலும் சரி, பக்கெட் கவிழ்ந்தாலும் சரி, உடனே ஜாக்கி சீல் என்று முடிவுகட்டும் பழக்கம் இருக்கிறது. பாரம் ராடை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கை ஜாக்கியில் பாரம் ராடை உள்ளே அமுக்குகிறது. பிஸ்டன் சீல் முழுக்கக் கிழிந்தே போயிருந்தாலும், வால்வு இரண்டு போர்ட்டையும் (ஆயில் போய் வரும் துளை) இறுக்கி மூடியிருந்தால் ராடு கீழே போக முடியாது. ராடு உள்ளே நுழைந்தால் அதன் கன அளவுக்கு ஆயில் வெளியேற வேண்டும், வெளியேற வழியில்லை. அழுத்தம் மட்டும் ஏறும். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் போர் பரப்பு 19.6 ச.செ.மீ, ராடு பரப்பு 7.07 ச.செ.மீ. அதாவது 60 பாரில் நிற்க வேண்டிய பாரம் 167 பார் அளவில் நிற்கும். ஆகவே கை இறங்கினால் அந்த ஆயில் ஸ்பூல் (லிவர் நகர்த்தும், வால்வுக்குள் உள்ள தண்டு) வழியாக டேங்குக்குக் கசிகிறது என்று பொருள். சீலும் கெட்டிருந்தால் அழுத்தம் ஏறி அந்தக் கசிவு வேகமாகும். உங்களுக்குக் கை நிற்கிறது என்கிறீர்கள், எனவே அந்த ஸ்பூல் நன்றாக இருக்கிறது.

பக்கெட் ஜாக்கியில் கதை தலைகீழ். பெரும்பாலான லோடர்களில் ராடு உள்ளே வந்தால் பக்கெட் வாய் தூக்கும், வெளியே நீண்டால் கவிழும். எரு பாரம் ராடை வெளியே இழுக்கிறது. சீல் கெட்டால் ராடு பக்க ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்பக்கம் போகும். பின்பக்கம் இன்னும் இடம் மிஞ்சும், அங்கே வெற்றிடம் உருவாகும், அவ்வளவுதான். 40 மி.மீ போரில் அந்த வெற்றிடம் அதிகபட்சம் 13 கிலோ விசைக்குமேல் தடுக்காது. அதனால் வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கெட் கவிழும். கை நின்று பக்கெட் மட்டும் கவிழ்ந்தால் நான் முதலில் பக்கெட் ஜாக்கியின் பிஸ்டன் சீலைத்தான் பார்ப்பேன்.

எந்த ஜாக்கி என்று தெரிய: லோடரைத் தரையில் இறக்குங்கள். பக்கெட்டை முழுக்க உள்ளே மடக்கி ராடு கடைசிவரை உள்ளே போகட்டும். இன்ஜினை நிறுத்தி லிவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். ஒரு ஜாக்கியின் பின்பக்க ஹோஸை மட்டும் கழற்றி, ஹோஸ் முனையைப் பிளக் போட்டு அடையுங்கள். திறந்த போர்ட்டுக்கு அடியில் வாளி வையுங்கள். இன்ஜினை ஐடிலில் ஓட்டி, லிவரை மடக்கும் பக்கம் மூன்று நொடி மட்டும் பிடியுங்கள். உள்ளே தங்கியிருந்த ஆயில் கொஞ்சம் வரும். அதற்குப் பிறகும் நிற்காமல் வந்தால் அந்த ஜாக்கியின் சீல் போயிருக்கிறது. அடுத்ததற்கும் இதே சோதனை. போர்ட்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம், லிவரைத் தவறியும் கவிழ்க்கும் பக்கம் தள்ள வேண்டாம்.

இனி அந்தக் குத்தல். வால்வுக்குள் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் லோடு செக் என்று ஒரு சிறிய பாப்பெட்டும் (கூம்பு வடிவ அடைப்பான்) ஸ்பிரிங்கும் இருக்கும். சில வால்வுகளில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றுதான். லிவரை இழுத்த கணத்தில் பம்ப் அழுத்தம் பாரத்தின் அழுத்தத்தை எட்டியிருக்காது. அந்த இடைவெளியில் ஜாக்கி ஆயில் பின்னோக்கி ஓடாமல் தடுப்பது இதன் வேலை. பாப்பெட் அடியில் ஒரு துணுக்கு சிக்கினால்கூடக் கை குத்தும். வால்வின் மேலுள்ள அறுகோணப் பிளக்கைத் திறந்தால் கையில் வந்துவிடும். திறப்பதற்குமுன் லோடர் தரையில், அழுத்தம் பூஜ்யம். பாப்பெட்டின் கூம்பில் வளையமாகத் தேய்ந்த கோடு முழுச் சுற்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வெட்டு இருந்தால் பாப்பெட்டை மாற்றுங்கள். எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள், ஸ்பூலையும் தேய்க்காதீர்கள். ஸ்பூலும் பாடியும் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. ஸ்பூல் முனையில் உள்ள ஓ-ரிங் வெளி ஒழுக்கைத்தான் நிறுத்தும், உள் கசிவைக் குறைக்காது. அதை மாற்றி ஏமாற வேண்டாம்.

———

மேட்டுநிலம்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். இதே போல வெளியில் வாங்கிய லோடர் பொருத்திய பிறகு என் வண்டியில் பின்பக்க லிஃப்ட் தூக்கவே இல்லை. லோடர் நன்றாக வேலை செய்கிறது. லோடர் லிவரை அசைத்தால் மட்டும் பின் லிஃப்ட் லேசாகத் துள்ளுகிறது.

———

ஸ்பூல்:

டேங்குக்குப் போக வேண்டிய ஹோஸும் பின் லிஃப்டுக்குப் போக வேண்டிய ஹோஸும் இடம் மாறியிருக்கின்றன. வால்வில் மூன்று இணைப்பு வேண்டும்: பம்பிலிருந்து வருவது, டேங்குக்குத் திரும்புவது, பவர் பியாண்ட் எனும் மூன்றாவது. லிவர்கள் சும்மா இருக்கும்போது பம்ப் ஆயில் முழுவதும் இந்த மூன்றாவது வழியாகப் பின் லிஃப்டுக்குப் போக வேண்டும். ஜாக்கியிலிருந்து திரும்பும் ஆயில் டேங்குக்கு. மாற்றி மாட்டினால் லிஃப்டுக்குக் கிடைப்பது ஜாக்கியின் கழிவு ஆயில் மட்டும், அதனால்தான் அந்தத் துள்ளல்.

லிஃப்ட் துள்ளக்கூட இல்லாமல் செத்துக் கிடந்தால், பவர் பியாண்ட் ஸ்லீவ் (அந்த மூன்றாவது வழியைத் தனியாகப் பிரிக்கும் துண்டு) போடாமலே விட்டிருப்பார்கள். ஆயில் வால்வுக்குள்ளேயே டேங்க் வழிக்குத் திரும்பிவிடும். அந்த வால்வு மாடலுக்கான ஸ்லீவ்தான் வேண்டும், பொதுவான நிப்பிள் போட்டால் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: ஸ்லீவ் போட்ட வால்வில் டேங்க் ஹோஸை அடைத்துவிட்டு இரண்டு ஹோஸோடு ஓட்டினால் திரும்பும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் வால்வு பாடியே விரிசல் விடும்.

லோடர் லிவரைக் கடைசிவரை பிடித்திருக்கும்போது பின் லிஃப்ட் அசையாதது மட்டும் கோளாறு அல்ல. வரிசை அமைப்பில் அது இயல்பு.

———

வெண்ணாறு:

மிக்க நன்றி. செய்து பார்த்தது:

தகரத்தில் வெடித்தது, தண்ணீர்தான். காகித ஃபில்டர் ஊறிச் சப்பிக் கிடந்தது. மடிப்பில் மஞ்சள் மினுமினுப்பு இல்லை, கறுப்பு ரப்பர் துணுக்குகள் இருந்தன. இன்ஜின் ஆயில் மட்டம் சரி. சக்‌ஷன் ஓ-ரிங் மாற்றியாயிற்று.

இடது பக்கெட் ஜாக்கியில் ஆயில் நிற்காமல் கம்பியாக வந்தது, வலதில் சில சொட்டோடு நின்றது.

லோடு செக் பாப்பெட் அடியில் ஒரு ரப்பர் துணுக்கு. எடுத்துக் கழுவிப் போட்டதும் குத்தல் நின்றது.

இரண்டு கேள்வி. என்ன ஆயில் ஊற்றுவது? கடையில் ஹைட்ராலிக் 68 தருகிறார்கள், விலையும் குறைவு. பம்ப் உண்மையில் நன்றாக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

———

கியர்பாக்ஸ்:

ஹைட்ராலிக் 68 ஊத்தாதீங்க. லோடருக்குத் தனி டேங்க், தனி பம்ப் இருந்தா அது சரி. உங்க வண்டியில அதே ஆயில்தான் கியரையும் நனைக்குது, ஆயில்ல மூழ்கின பிரேக் தட்டையும் நனைக்குது. 68-ல அந்த பிரேக்குக்கு வேண்டிய சேர்மானம் இல்லை. பிரேக் கீச்சிடும், அதிரும், தட்டு சீக்கிரம் கருகும். யுடிடிஓ (கியர், ஹைட்ராலிக், பிரேக் மூணுக்கும் பொதுவான) வகை டிராக்டர் ஆயில் வாங்குங்க, மேனுவல்ல எழுதின கிரேடைப் பாத்து.

தண்ணி ஏறின கியர்பாக்ஸ் ஒரு தடவை வடிச்சா சுத்தமாகாது. ஜாக்கி, ஹோஸ், பின் லிஃப்ட் சிலிண்டர்னு பழைய ஆயில் நிறைய தங்கியிருக்கும். உங்க கை ஜாக்கி ரெண்டும் சேர்ந்தே ஒன்றரை லிட்டருக்கு மேல பிடிக்கும். அதனால புது ஃபில்டர், புது ஆயில் போட்டு எல்லா லிவரையும் முழு ஸ்ட்ரோக் வேலை வாங்கி, ஒரு நாள் ஓட்டிட்டு திரும்ப பாட்டில் சோதனை பண்ணுங்க. மறுபடி வெளுத்தா இன்னொரு தடவை மாத்தணும், ஃபில்டரோட. செலவுதான், ஆனா பம்ப் விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. மட்டம் பாக்கும்போது லோடர் தரையில, பக்கெட் மடக்கி, எல்லா ராடும் உள்ளே இருக்கணும். தூக்கி வச்சுப் பாத்தா மட்டம் குறைவா காட்டும், கூடுதலா ஊத்திடுவீங்க.

ரப்பர் துணுக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு தேடுங்க. ஹோஸை வெட்டி ஃபிட்டிங் அமுக்கும்போது உள்ளே விழுற தூளை ஊதாம மாட்டினா இப்படி வரும், அது ஒரு தடவையோட முடியும். திரும்பத் திரும்ப வந்தா ஏதோ ஒரு ஹோஸ் உள்ளே உரியுது. சக்‌ஷன், ரிட்டர்ன் ஹோஸ் ரெண்டும் வழக்கமா முதல்ல போகும்.

டிப்பிங் டிரெய்லரையும் மறக்காதீங்க. அடுத்தவங்க டிரெய்லரை மாட்டி ஜாக்கியைத் தூக்கி இறக்கினா, அதுல இருந்த ஆயில் முழுக்க உங்க கியர்பாக்ஸுக்குத்தான் வருது. அது என்ன ஆயில், எவ்வளவு தண்ணி, எவ்வளவு தூசின்னு யாருக்கும் தெரியாது. லோடர் வச்சிருக்கிற சின்ன வண்டிக்கு இது பெரிய கேடு.

———

ஸ்பூல்:

பம்பைச் சோதிக்க: 0 முதல் 250 பார் வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று வாங்குங்கள். பம்பிலிருந்து லோடர் வால்வுக்கு வரும் பிரஷர் லைனில் டி வடிவ ஃபிட்டிங் போட்டு மாட்டுங்கள். ஜாக்கி பக்கம் மாட்டாதீர்கள். ஏன் என்று கீழே தெரியும். வண்டியை வேலை வாங்கி ஆயில் நன்றாகச் சூடான பிறகே அளக்க வேண்டும். உங்கள் கோளாறே சூட்டில்தான் வருகிறது, குளிர்ந்த ஆயிலில் எடுத்த எண் எதையும் சொல்லாது.

முதல் அளவு: 1,000 ஆர்பிஎம், பக்கெட்டை முழுக்க மடக்கி லிவரை மூன்று நொடி பிடித்து கேஜைப் படியுங்கள்.

இரண்டாவது: இன்ஜினை நிறுத்தி அழுத்தம் விட்டு, பக்கெட் ஜாக்கியின் இரண்டு குயிக் கப்ளிங்கையும் (கையாலேயே மாட்டிக் கழற்றும் ஹோஸ் இணைப்பு) கழற்றுங்கள். அதே 1,000 ஆர்பிஎம், அதே லிவர், மூன்று நொடி. இப்போது ஆயில் கப்ளிங்கில் முட்டி நிற்கிறது, ஜாக்கி கணக்கில் இல்லை. வால்வில் ரிலீஃப் இருப்பதால் இது பாதுகாப்பான சோதனை. பம்ப் வெளியேற்றத்தையே நேராகப் பிளக் போட்டு அடைக்கும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், அங்கே ரிலீஃப் இருக்காது, பம்ப் உடையும்.

இரண்டு அளவும் தாழ்வாக இருந்தால் பம்ப் அல்லது ரிலீஃப். இதே சோதனையை 2,000 ஆர்பிஎம்மில் செய்யுங்கள். அங்கே 160-ஐ நெருங்கினால் ரிலீஃப் நன்று, பம்ப் தேய்ந்திருக்கிறது. எந்த ஆர்பிஎம்மிலும் ஒரே தாழ்ந்த எண்ணில் நின்றால் ரிலீஃப் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அதன் அமர்வில் அழுக்கு இருக்கும். முதல் அளவு மட்டும் தாழ்ந்து இரண்டாவது நன்றாக வந்தால் பம்புக்கு எந்தக் குறையும் இல்லை, ஆயில் ஜாக்கியில் தப்புகிறது.

அழுத்தத்தோடு நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் கை ஜாக்கி ஒன்றின் கொள்ளளவு 19.6 × 40, அதாவது 785 சி.சி. இரண்டும் 1,570 சி.சி. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் நொடிக்கு 333 சி.சி. ஆக முழு ஆர்பிஎம்மில், காலி பக்கெட்டோடு, தரையிலிருந்து உச்சிவரை 4.7 நொடி. ஐந்தரை வரை ஏற்கலாம். ஒன்பது ஆனால் கிட்டத்தட்ட பாதி ஆயில் பம்புக்கு வந்துசேரவில்லை, அல்லது வழியில் தப்புகிறது.

ரிலீஃபைத் தொட நேர்ந்தால் கேஜைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று, கால் சுற்றாக. 160-ஐத் தாண்ட வேண்டாம். கூட்டினால் எரு இன்னும் கொஞ்சம் தூக்கும், பிறகு முன் ஆக்ஸில், கை வெல்டிங், பம்ப் பாடி ஆகியவற்றில் ஒன்று விலை கொடுக்கும்.

———

வெண்ணாறு:

ஆயில், ஃபில்டர் மாற்றியபின் ஊளை இல்லை. சூடான ஆயிலில் 1,000 ஆர்பிஎம்: ஜாக்கி இணைத்து 110 பார், கப்ளிங் கழற்றி 150 பார். 2,000-இல் கழற்றி 160. கை மேலே போக ஐந்தரை நொடி.

அப்படியானால் பம்ப் வேண்டாம், இடது ஜாக்கி சீல் மட்டும், சரிதானே? சீல் மாற்றும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்? இன்னொன்று, வெயிலில் நின்ற பிறகு கப்ளிங் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

———

ஸ்பூல்:

சரி. 1,000-இல் 150 காட்டும் பம்பை மாற்றக் காரணமே இல்லை.

சீல் வேலை. வலது ஜாக்கியும் அதே வயது, இரண்டுக்கும் சேர்த்துக் கிட் வாங்குங்கள். அளவெடுக்கும்போது பழைய சீலை அளக்காதீர்கள், அது அமுங்கி உருமாறியிருக்கும். போர் விட்டம், ராடு விட்டம், பிஸ்டன் பள்ளத்தின் அகலம், பள்ளத்தின் அடி விட்டம், இந்த நான்கையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ராடின் குரோம் பூச்சை நேராக வைஸில் பிடிக்கக் கூடாது. மரக்கட்டை இரண்டுக்கு நடுவில் பிடியுங்கள், அல்லது முனைக் கண்ணில் கம்பியைச் செருகிப் பிடியுங்கள். பிஸ்டன் நட்டைக் கழற்றினால் திரும்ப அதையே போடாமல் புது நைலாக் நட் போடுங்கள். நட் தளர்ந்து பிஸ்டன் கழன்றால் ஜாக்கி முழுவதும் போகும்.

பிஸ்டனுக்கும் ராடுக்கும் நடுவே, பிஸ்டன் துளைக்குள், ஒரு சிறிய ஓ-ரிங் இருக்கும். அதைப் பலர் மாற்றாமல் விடுகிறார்கள். வெளிச் சீல் எல்லாம் புதிதாக இருந்தும் பக்கெட் கவிழ்ந்துகொண்டே இருந்தால் ஆயில் இந்த வழியாகத்தான் போகிறது.

பிஸ்டனில் இரண்டு யு சீல் முதுகோடு முதுகாக வரும் வகையானால், வாய்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கப் போட்டால் ஜாக்கி ஒரு திசையில் மட்டும்தான் பாரம் தாங்கும். கிளாண்டில் (ராடு வெளியே வரும் முனை மூடி) ராடு சீலின் வாய் உள்ளே ஆயிலைப் பார்த்து, வைப்பரின் (தூசியை வழிக்கும் சீல்) உதடு வெளியே தூசியைப் பார்த்து இருக்க வேண்டும். பாலியூரித்தேன் சீல் விறைப்பாக இருந்தால் 60, 70 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள், இளகிவிடும். ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

உள்ளே தள்ளும்போது கிளாண்ட் மரையும் போர்ட் துளையின் விளிம்பும் சீலை அறுக்கும். மரைமேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வைத்து, ஆயில் தடவி, பிஸ்டனைச் சாய்க்காமல் தள்ளுங்கள். போர்ட் துளையைக் கடக்கும்போது சீல் துளைக்குள் பிதுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று: அந்த சீல் ஏன் கிழிந்தது என்று பாருங்கள். போருக்குள் விரல் நகத்தால் தடவி நீளவாக்கில் கீறல் தட்டினால் சிலிண்டரை ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து வழுவழுப்பாக்குதல்) செய்ய வேண்டும், ஆழமானால் டியூப் மாற்ற வேண்டும். ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, அதை இரண்டு வி பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டை) வைத்து உருட்டுங்கள். ஒரு பக்கெட் ஜாக்கி மட்டும் கெடுவதற்கு வளைந்த ராடு முக்கியக் காரணம், பக்கெட்டின் ஒரு மூலையால் வரப்பைக் குத்தி நெம்பும்போது அந்தப் பக்க ராடு வளையும். வளைந்திருந்தால் ஹார்ட் குரோம் போட்ட புது ராடு லேத் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். நிமிர்த்திப் போட்டால் குரோம் வெடித்து உதிரும், புது சீலையும் அதுவே அறுக்கும்.

மாட்டிய பிறகு காலி பக்கெட்டோடு, குறைந்த ஆர்பிஎம்மில், எட்டுப் பத்து முறை மெதுவாக முழு ஸ்ட்ரோக். காற்று தானாக வெளியேறிவிடும். காற்று இருக்கும்போது பாரம் தூக்காதீர்கள்.

———

கியர்பாக்ஸ்:

கப்ளிங் விஷயம்: லோடரைக் கழற்றி வெயில்ல விட்டா ஜாக்கிக்குள்ள அடைபட்ட ஆயில் சூட்டுல விரியும், அழுத்தம் ஏறி கப்ளிங் முனைப் பந்து உள்ளே போகாது. சுத்தியலால அடிக்காதீங்க, முனை நசுங்கினா உள்ளே பாதிதான் திறக்கும். அப்புறம் கை ஏறும், இறங்காது, நீங்க வால்வைச் சந்தேகப்படுவீங்க. கழற்றுறதுக்கு முன்னாடி பக்கெட்டைத் தரையில தட்டையா வச்சு, இன்ஜினை நிறுத்தி, ரெண்டு லிவரையும் நாலு பக்கமும் ஆட்டி, கை லிவரை ஃப்ளோட்டுல (கை தானா ஏறி இறங்க விடுற நிலை) விட்டுட்டுக் கழற்றுங்க. கழற்றின முனைகளை மூடி போட்டு நிழல்ல வைங்க. மூடி தொலைஞ்சா சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்க, மண்ணோட மாட்டாதீங்க. ஏற்கெனவே இறுகிப் போயிருந்தா ஈரச் சாக்கை ஜாக்கிமேல போர்த்தி ஆற விட்டு மாட்டுங்க, ஹோஸ் நட்டைத் தளர்த்தி ஆயிலைப் பீச்ச விடாதீங்க.

இந்தப் புது ஃபில்டரை 50 மணி நேரத்துல ஒரு தடவை மாத்திடுங்க, மேனுவல் சொல்ற இடைவெளி வரைக்கும் காத்திருக்க வேணாம். கழுவி வந்த அழுக்கு எல்லாம் அதுலதான் இருக்கும்.

பி.டி.ஓ சீலை லோடர் சீசன்லயே மாத்துங்க, நடவு நேரத்துல நேரம் கிடைக்காது. சேற்றுழவு முடிஞ்சு லோடரை மாட்டுறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு ராத்திரி அசைக்காம சமதளத்துல நிறுத்தி, காலையில ஸ்டார்ட் பண்ணாமலே வடிகால் போல்ட்டைக் கொஞ்சமா தளர்த்துங்க. தண்ணி அடியில இறங்கியிருக்கும், ஆயிலுக்கு முன்னாடி அதுதான் வரும். சில சொட்டு வந்தா வடிச்சுவிட்டு போல்ட்டை இறுக்கி அடுத்த வாரம் திரும்பப் பாருங்க. அரை டம்ளர் வந்தா அந்த ஆயிலை மாத்துற வரைக்கும் லோடர் கப்ளிங்கை இணைக்காதீங்க.